மாலை போட்ட கப்பல்கள்

தளபதி அரையநம்பி ஆழியடிகளின் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தான். வழக்கம்போல் விழுந்து வணங்கவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கடலையே பார்த்தான்.

கடலுக்கு அப்பால் வெண்தீவு. அங்கிருந்த காவல் கோட்டையில் அவனுடைய வீரர்கள் இருந்தார்கள். அவர்களோடு அவன் தம்பியும் இருந்தான். தீவின் மறுகரையில் எதிரி இறங்கிக் கோட்டையை வளைத்துவிட்டான். உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் காலையிலிருந்தே அங்கே புகை எழுந்துகொண்டிருந்தது.

இந்தக் கரையில் படைக்குக் குறைவில்லை. யானை, குதிரை, தீட்டிய வேல் என்று எல்லாம் மணலில் அணிவகுத்து நின்றன. ஏறிப் போகக் கப்பல்தான் இல்லை.

"வாடகைக் கப்பல்கள் என்ன ஆயின?" என்று அடிகள் கேட்டார்.

"போர் என்று காதில் விழுந்ததும் அயல்நாட்டு வணிகர்கள் பாய் விரித்துவிட்டார்கள். இத்தனை காலம் நம் உப்பைத் தின்றவர்கள் அடிகளே! துரோகிகள்!"

"எங்கே போனார்கள்?"

"அவர்கள் ஊருக்கு."

"ம்," என்றார் அடிகள். "அரசருடைய சொந்தக் கப்பல்கள்?"

நம்பி நனைந்த வேட்டியைப் பிழிந்தான். அதைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

அந்தக் கப்பல்களின் கதை நாடறிந்தது. வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும்போது நம்முடையதை ஏன் கடலில் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அவையில் யாரோ ஒருவர் கேட்டார். ஆகா, என்ன யோசனை என்று எல்லாத் தலையும் ஆடியது. நம்பியின் தலையும் ஆடியது. கப்பல்களைக் கரையேற்றிப் பெரிய கொட்டகை போட்டு நிறுத்தினார்கள். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. திருஷ்டிக்குப் பூசணிக்காய்கூட உடைத்தார்கள். கடலைத் தவிர அந்தக் கப்பல்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"இன்று காலை இறக்கினோம்," என்றான் நம்பி கடைசியில். "துறைமுகத்தைத் தாண்டவில்லை. பலகைக்குப் பலகை தண்ணீர் பீறிட்டது. போட்ட மாலையோடு என் கண்முன்னால் தரைதட்டி உட்கார்ந்துவிட்டன. ஒரு கீறல் விழாமல் காத்தோமே, ஏன் அடிகளே இப்படி?"

அடிகள் எழுந்தார்.

"களைத்திருக்கிறாய். தண்ணீர் இறைத்துக் குடி."

உள்ளே போய் ஒரு வாளியோடு வந்தார். தேக்குப் பலகைகளை இணைத்துப் பித்தளைப் பட்டை போட்ட அழகான வாளி. நடுவில் குங்குமப் பொட்டு இருந்தது. நம்பி அதைக் கயிற்றில் கட்டி இறக்கினான். கீழே நிரம்பிய வாளி மேலே வருவதற்குள் காலியானது. மறுபடி இறக்கினான். மறுபடியும் காலி.

அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஓட்டை வாளியைக் கொடுத்து விளையாடுகிறீர்களா?"

"நீ காணிக்கையாகக் கொடுத்த வாளிதான். நல்ல பொருளாயிற்றே என்று பூஜையறையில் வைத்துவிட்டேன்."

"அப்படியானால் தினமும் எதில் இறைத்தீர்கள்?"

"எதிர்வீட்டு வாளியில்."

"அது எங்கே?"

"போர் வருகிறதாமே? எதிர்வீட்டுக்காரர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். வாளியையும் எடுத்துக்கொண்டார்." அடிகள் நிதானமாகச் சேர்த்தார்: "அவருடைய வாளிதானே."

நம்பி வாளியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. சட்டென்று எழுந்து போய், குடிலுக்குப் பின்னாலிருந்த குளத்தில் அதை அமிழ்த்தி மேலே ஒரு கல்லை வைத்தான். பிறகு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அடிகள் தம் வேலையைப் பார்த்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வாளியை எடுத்துக் கிணற்றில் இறக்கினான். நிரம்பி வந்தது. ஓரிரு சொட்டுத்தான் வழிந்தது.

நம்பிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "அடிகளே! கப்பல்கள் கெட்டுப்போகவில்லை, காய்ந்துதான் போயிருக்கின்றன! உட்கார்ந்த இடத்திலேயே ஊறட்டும். பலகை உப்பியதும் இடுக்கில் நாரைத் திணித்து, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டால் மிதக்கும். நாலு நாள் போதும். என் தம்பி நாலு நாள் தாங்குவான்!"

சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினான்.

"நம்பி."

நின்றான்.

"அவற்றை ஓட்டியவர்கள் எங்கே?"

"கப்பல் கொட்டகைக்குப் போனதும் அவர்களை அனுப்பிவிட்டோம்."

"எங்கே போனார்கள்?"

"பாதிப் பேர் வணிகர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள்." நம்பியின் குரல் இறங்கியது. "வாடகைக் கப்பல்களை ஓட்டிக்கொண்டு போனவர்களே அவர்கள்தான்."

"மீதிப் பேர்?"

"சிலர் செத்துவிட்டார்கள். தலைமை மாலுமி சேந்தன் சந்தைக்குப் பின்னால் செக்கு ஓட்டுகிறான்."

"வெண்தீவைச் சுற்றி ஒரே பாறையாயிற்றே. வழி அவனுக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாத வழியா! ஆனால் கண்ணில் புரை விழுந்துவிட்டது."

"மகன்கள் இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள். நாலு பேரும் நல்ல வாட்டசாட்டமான ஆட்கள்."

"அவர்களுக்குக் கடல் தெரியுமா?"

நம்பி தலை குனிந்தான். "செக்கு மாடு தெரியும்."

தீவில் எழுந்த புகை காலையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தது. அடிகள் வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினார். அவன் வாங்கினான், குடிக்கவில்லை.

"கப்பலை நாலு நாள் ஊறப்போடுவாய்," என்றார் அடிகள். "சேந்தனின் மகன்களை எத்தனை நாள் ஊறப்போடுவாய்?"