பெத்தணன் வீட்டு அலாரம்

ஊரில் புத்தியைப் பங்கு வைத்த அன்று, "பாத்திரம் எடுத்துட்டு வர்றோம்" என்று வீட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர். கோணமரத்துப்பட்டி அண்ணன் தம்பிகளான பெத்தணன், ஒச்சப்பன், சடையாண்டிதான் அவர்கள். மூத்தவன் பெத்தணனுக்கு நாற்பது வயதாகியும் பெண் அமையவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

வெளியூர் மச்சான் ஒரு புகை அலாரம் வாங்கிவந்து கூடத்து உத்தரத்தில் மாட்டினார்.

"புகை வந்தா கத்தும். விஷவாயு வந்தாலும் கத்தும். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மணக்காது. வெள்ளிக்கிழமை தோறும் பட்டனை அழுத்திச் சோதிங்க. கத்துனா எதையும் எடுக்காம, நிக்காம, வெளியே ஓடிருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் ஒச்சப்பன் மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணும் மணக்கவும் இல்ல."

"எனக்கும் அப்படித்தாண்டா இருக்கு."

"அப்ப வந்திருச்சுண்ணே!"

மூவரும் வாசல் வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்த வாசம் வந்த பிறகுதான் நிம்மதியாக உள்ளே போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் பெத்தணனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா மொக்கராசு, மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார். இந்த இடமும் தட்டிப்போனால் பெத்தணன் காலமெல்லாம் ஒண்டிக்கட்டைதான். சடையாண்டி கேசரி கிண்டிக்கொண்டிருந்தான். பெத்தணன் மேஜைமேல் ஏறிப் பட்டனை அழுத்தப் போனவன், அப்படியே நின்றான்.

"டேய், கத்துனா ஓடணும். நான் ஓடிட்டா பட்டனை யாரு அழுத்துறது?"

நியாயமான கேள்வி. கூடி யோசித்து, மேஜைமேல் உலக்கையை நிறுத்திப் பட்டனுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அலாரம் வீறிட்டது.

"அண்ணே, அடுப்பை அணைச்சிட்டு வரட்டா?"

"மச்சான் அணைச்சிட்டா ஓடச் சொன்னாரு?"

சடையாண்டி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வாசலில் மொக்கராசு நின்றிருந்தார்.

"என்னய்யா இது சத்தம்?"

"சோதனை மாமா. நின்னதும் உள்ள போயி கேசரி சாப்பிடலாம்."

சத்தம் நிற்கவில்லை. உலக்கைக்குக் கை வலிக்குமா? வெயில் ஏறியது. மொக்கராசு துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பத் தயாரானார். அப்போது ஜன்னல் வழியாகக் குபுகுபுவென்று புகை வந்தது.

"யோவ், புகைய்யா!" என்றார் மொக்கராசு.

பெத்தணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா, எவ்வளவு உசத்தியான மெஷினு! பட்டனைத்தான் அழுத்துனோம். புகையை வரவழைச்சிருச்சு!"

மொக்கராசு உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"எங்க வீட்டுல ஊதாங்குழலை வச்சு ஊதி ஊதி எம்மக நெஞ்சு காஞ்சு போச்சு. அப்பவும் இத்தனை புகை வந்ததில்ல. இங்க பட்டனை அழுத்துனாலே போதுமே! பொண்ணு உங்களுக்குத்தான் மாப்ள!"

தாம்பூலம் மாற்ற வெற்றிலைத் தட்டு உள்ளே இருந்தது. எதையும் எடுக்கக் கூடாதே! மரத்திலிருந்து வேப்பிலையைப் பறித்து மாற்றிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். மொக்கராசு இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தார்.

"அணைச்சிராதீங்கய்யா! பொண்ணு வந்து ஒரு தடவை பாக்க வேணாமா?"