கம்பின் ஈரம்

நாகவல்லி டீச்சர் ஆற்றங்கரை வீட்டில் ஆங்கிலம்–தமிழ் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே சீடர், சபாபதி. குருவைவிட இருபது வயது மூத்தவர். சொல்லுக்குச் சொல் வாதாடுவார்.

அன்று காலை மாரியாயி வந்தாள். போன வாரம் அதே ஆற்றில் மகளைப் பறிகொடுத்தவள். கையில் போலீஸ் கொடுத்த தாள். அதில் கைநாட்டு வைத்தால் வழக்கு முடிந்துவிடும்.

"இங்கிலீஷுல என்னமோ எழுதியிருக்காங்க. என்னன்னு தெரியாம வைக்க மாட்டேன்."

சபாபதி கண்ணாடியை மாட்டித் தாளைப் படித்தார். "டிரௌன். நேத்துதாம்மா இந்தச் சொல்லை அகராதியில எழுதி முடிச்சேன். பொருள், நீரில் மூழ்கி மூச்சடைத்து இறத்தல். சொல் பிறந்த விதம், குடிக்கிறதுக்கு இங்கிலீஷ்காரங்க வச்சிருக்கிற சொல்லுக்கு இது பங்காளியாம். எடுத்துக்காட்டு, சிறுமி ஆற்றில் மூழ்கி இறந்தாள்."

"அப்போ தப்பு எம் பொண்ணு மேலயா?"

"தப்புன்னு எங்கேம்மா சொல்லியிருக்கு? யாரையுமே சொல்லலையே."

"ஊர்லயும் யாரையும் சொல்லல. அவளுக்குத் தண்ணியில கண்டம்னாங்க. ஆறு காவு கேட்டுச்சுன்னாங்க. முழங்கால் தண்ணிங்க அது."

சபாபதி குருவைப் பார்த்தார். "நான் எழுதினதுல பிழை இருக்கா டீச்சர்?"

நாகவல்லி மாங்காய் பறிக்கும் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இருவரும் பின்னால் போனார்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. மணல் அள்ளிய லாரிகளின் தடம் கரையிலிருந்து ஆற்றுக்குள்ளேயே போயிருந்தது. தடம் முடிந்த இடத்தில் கம்பை ஊன்றினார்.

கம்பு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

கரைக்கு வந்து அதை மாரியாயி பக்கத்தில் நிறுத்தினார். ஈரம் அவள் தலையைத் தாண்டி இரண்டு முழம் போயிருந்தது. மாரியாயி அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவுதாங்க இருப்பா."

சபாபதிக்கு அப்போதும் வாதம்தான் வந்தது.

"ஆனா, நான் எழுதின பொருள் சரிதானே?"

"சரிதான்." நாகவல்லி கம்பை அவர் தோளில் சாத்தினார். "இவங்களோட ஸ்டேஷனுக்குப் போங்க. ஈரம் காயறதுக்குள்ள."

"போய் என்ன சொல்றது டீச்சர்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. கைநாட்டு எங்கேன்னு கேட்டா, கம்பை நிமிர்த்துங்க."