ஒன்பதுக்கு ‘ஒன்று எடுத்தது’ எனப் பெயர் வந்த கதை

கணக்கில் விடுபட்டுப் போகிறவள் எப்போதும் கடைசியாகப் படகேறுகிறவள்தான். மற்றவர்களின் கூடைகளையெல்லாம் ஏற்றிவிட்டுத் தன் கூடையோடு அவள் வருவதற்குள் எண்ணிக்கை முடிந்திருக்கும். தென்கடல் தீவொன்றில் அவள் பெயர் தலேயா.

சிப்பியும் கணவாயும் மனிதரோடு வழக்காடிய அந்தக் காலத்தில், தீவு மக்களிடம் எட்டு எண்கள்தாம் இருந்தன. அவற்றைக் கொடுத்தது பேய்க்கணவாய். “எனக்கு எட்டுக் கை. அதற்கு மேல் எண்ணுவதற்கு உலகத்தில் ஒன்றுமில்லை” என்று அது சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. எட்டுக்கு அடுத்தது ‘பல’. அவ்வளவுதான்.

படகுத் தலைவன் மருக்கோவுக்கு இது வசதியாக இருந்தது. சிப்பி பொறுக்கக் கடல் நடுவிலுள்ள பாறைத் திட்டுக்குப் போகும் பெண்களைப் போகும்போதும் வரும்போதும் எட்டு வரை எண்ணுவான், துடுப்பை எடுத்துவிடுவான்.

ஒருநாள் நீர் ஏறத் தொடங்கிய வேளையில், பாறையிடுக்கில் பெருஞ்சிப்பி ஒன்று தலேயாவின் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டது. படகிலிருந்து தங்கை ஈலுவின் குரல் கேட்டது.

“தலைவரே, அக்கா இன்னும் ஏறவில்லை.”

“எட்டு ஆகிவிட்டது. அதற்கு மேல் எண்ணுக்குப் பெயரே இல்லை. பெயரே இல்லாத இடத்தில் ஆள் எப்படி இருக்கும்? உட்கார், பெண்ணே.”

படகு போய்விட்டது. நீர் தலேயாவின் இடுப்புக்கு வந்தது.

“விடு” என்றாள்.

“நீர் வடியும்வரை நான் வாய் திறப்பதில்லை. எங்கள் குலவழக்கம்” என்றது சிப்பி. “அதற்குள் நீ மூழ்கிவிடுவாய். எனக்கும் வருத்தம்தான்.”

“உன் வருத்தத்தை நீயே வைத்துக்கொள். விரலையும் சேர்த்து வைத்துக்கொள்.”

இடையில் செருகியிருந்த கிளிஞ்சல் கத்தியை எடுத்தாள். இரண்டு வெட்டு, மூன்றாவது தேவைப்படவில்லை. கையை நார்த்துணியால் இறுகக் கட்டிக்கொண்டு கரையை நோக்கி நீந்தினாள்.

கரையில் மருக்கோ சிப்பியை எட்டுக் குவியலாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தான். ஈலு அழுது ஓய்ந்திருந்தாள். நீர் சொட்ட வந்து நின்றவளை அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“எட்டுப் பேரும் வந்தாயிற்றே. நீ எந்தக் கணக்கு?”

தலேயா கட்டை அவிழ்த்து, இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

“கணவாயின் கையை எண்ணத் தெரிந்த உனக்கு உன் கை கண்ணில் படவில்லையா, மருக்கோ? இரண்டு கை விரல்களும் விரிந்தால் முழுமை. அதில் ஒன்றை நானே எடுத்தேன். எடுத்தது போக நிற்பது என் இடம். அதன் பெயரைச் சொல்.”

ஈலுதான் முதலில் தன் சுண்டுவிரலை மடக்கினாள். மற்றப் பெண்களும் மடக்கினார்கள். கடைசியில் மருக்கோவும் மடக்கி, “ஒன்று எடுத்தது” என்றான். குவியல்களைக் கலைத்து மறுபடி பங்கிட்டான். ஆழமில்லாத நீரில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பேய்க்கணவாய் பொந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அன்று முதல்தான் அந்தத் தீவின் மொழியில் பத்துக்கு ‘முழுமை’ என்றும் ஒன்பதுக்கு ‘ஒன்று எடுத்தது’ என்றும் பெயர். தலேயா மறுநாளிலிருந்து படகில் ஆள் எண்ணும் பொறுப்பை ஏற்றாள். அவள் எண்ணிய படகு ஒருமுறைகூட யாரையும் விட்டுவிட்டுக் கரை திரும்பவில்லை. முதுமையடைந்து, ஒன்பது விரல்களோடு இறந்தாள்.