துண்டு போர்த்தி வைத்த பாஸ்வேர்டு

ஊமத்தம்பட்டிக்காரர்கள் நல்லவர்கள்தான், உழைப்பாளிகள்தான். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். “நான் உள்ளே வரும்வரை கதவைத் திறக்காதே” என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், திரும்பி வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்கள். அவர் இன்னும் உள்ளே வரவில்லையே! இப்படிப்பட்ட ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

கடைசியில், கல்யாணமாகாத நாலு பேர் கூடி, தங்கள் விவரங்களைப் போட்டு ஒரு வெப்சைட் தொடங்குவது என்று முடிவு செய்தார்கள். அவர்களில் மூத்தவன் மாசிலாமணி. உரக்கடை வைத்திருந்தான். வீராச்சாமிதான் மூளை. தங்கப்பழமும் உக்கிரபாண்டியும் வீராச்சாமி சொல்வதற்குத் தலையாட்டுவார்கள்.

மாசிலாமணிக்கு அவசரம் இருந்தது. தென்காசியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் செண்பகவல்லி, “வெள்ளிக்கிழமை அந்த சைட்டைப் பாக்கேன். விவரம் பிடிச்சிருந்தா மேற்கொண்டு பேசலாம்” என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தாள். இதைக் கேட்டதிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. அவளை ஒரே ஒரு தடவை, இருமல் மருந்து வாங்கப் போனபோது பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு வேண்டுமென்றே நாலு தடவை இருமியிருக்கிறான்.

வெப்சைட்டுக்கு இடம் கொடுத்த கம்பெனியில் ஜெசிந்தா என்று ஒரு பெண் போனில் வழி சொன்னாள். கண்ட்ரோல் பேனலைத் திறக்க வேண்டும், டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்க வேண்டும், அதற்கு ஒரு யூசரை வைத்துப் பாஸ்வேர்டு போட வேண்டும், அவ்வளவுதான். “பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது. உள்ள இருக்கிற விவரம் அனுமதி இல்லாத ஒருத்தருக்கும் போகக் கூடாது. அது உங்க பொறுப்பு” என்றாள்.

ராகுகாலம் கழித்து, கம்ப்யூட்டரைக் கிழக்கு பார்க்கத் திருப்பி வைத்து, டேட்டாபேஸை உருவாக்கினார்கள். சூடம் காட்டினார்கள். நாலு பேருடைய பெயர், வயது, தொழில், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் உள்ளே ஏற்றினார்கள்.

பாஸ்வேர்டில்தான் சிக்கல் வந்தது. ஊர் நெல்லைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்கு நாலு பூட்டு, நாலு வீட்டில் நாலு சாவி என்பது ஊமத்தம்பட்டி வழக்கம். அதன்படி ஆளுக்குக் கால்வாசிப் பாஸ்வேர்டு அடிப்பது, அப்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது என்று ஏற்பாடானது. மூன்று பேர் ஒழுங்காக அடித்தார்கள். வீராச்சாமி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தான்; அடித்து முடித்து மற்றவர்கள் திரும்பியபோதும் திறக்கவில்லை.

“நீ ஏம்ல கண்ண மூடுத?” என்றான் மாசிலாமணி.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னாவள்லா? எனக்குத் தெரிஞ்சா அது ஒருத்தனுக்குத் தெரிஞ்சதாகாதா?”

மற்ற மூவரும் வெட்கிப்போனார்கள். தங்களுக்குக் கால்வாசி தெரிந்துவிட்டதே என்று உக்கிரபாண்டி கண் கலங்கினான். இதற்குள் பேனல், அதே பாஸ்வேர்டை இரண்டாம் தடவை அடிக்கச் சொன்னது. அது யாரால் முடியும்?

தங்கப்பழம்தான் ஒரு பட்டனைக் கண்டுபிடித்தான். அதை அமுக்கினால் பேனலே பாஸ்வேர்டு தயார் செய்து, இரண்டு கட்டத்திலும் தானே நிரப்பிவிடும். அது திரையில் தெரியும் இடத்தில் துண்டைப் போர்த்திவிட்டு அமுக்கினார்கள். ‘இந்தப் பாஸ்வேர்டைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டேன்’ என்று கீழே டிக் போடுவதற்கு ஒரு கட்டம் வந்தது.

“வச்சிருக்கமா?” என்று கேட்டான் மாசிலாமணி.

“நம்ம யாருக்கும் தெரியல. இதவிடப் பத்திரமான இடம் உலகத்துல உண்டுமா?” என்றான் வீராச்சாமி. டிக் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெப்சைட் திறக்கவில்லை. டேட்டாபேஸை எட்ட முடியவில்லை என்று ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. மாசிலாமணி பதறிப்போய் ஜெசிந்தாவைக் கூப்பிட்டான்.

“அண்ணே, பேனல்ல புதுப் பாஸ்வேர்டு போடுங்க. அதை சைட்டோட செட்டிங்ஸ் ஃபைல்ல எழுதுங்க. அப்பத்தான் சைட் உள்ள போய் விவரத்தை எடுக்கும்” என்றாள் அவள்.

போனை வைத்ததும் நாலு பேரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

“யாருக்கும் சொல்லாதன்னு சொன்னதும் அந்தம்மாதான். சைட்டுக்குச் சொல்லுன்னு சொல்லுததும் அந்தம்மாதான்” என்றான் தங்கப்பழம்.

“நம்மளச் சோதிச்சுப் பாக்காவ” என்றான் வீராச்சாமி. “சைட்டு உலகத்துக்கே திறந்து கிடக்கு. அதுகிட்ட போய் ரகசியத்தச் சொல்லுவாங்களா?”

மாசிலாமணிக்கு ஒரு பக்கம் செண்பகவல்லி, ஒரு பக்கம் பொறுப்பு. மத்தியானம் வரை அழுதான். கடைசியில் பொறுப்புதான் ஜெயித்தது.

சாயந்திரம் தரகர் ஓடி வந்தார். “சைட்டுல ஒண்ணுமே வரலையாம்லே. ஆனாலும் அந்தப் பிள்ளைக்குத் தங்க மனசு. ஆளையே நேர்ல வரச் சொல்லுதா!”

மறுநாள் மாசிலாமணி புதுச்சட்டை போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போனான். துணைக்கு மூவரும் போய்த் தெருமுனையில் நின்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மருந்துக்கடை வாசலில் செண்பகவல்லி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்பதும், மாசிலாமணி தலையை இடமும் வலமுமாக ஆட்டுவதும் தெரிந்தது. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆட்டினான். பிறகு அவள் சிரிப்பது நின்றுவிட்டது.

மாசிலாமணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“என்னல கேட்டா?” என்றான் வீராச்சாமி.

“பேரென்னன்னு கேட்டா. வயசு கேட்டா. என்ன தொழில்னு கேட்டா.”

“எல்லாம் டேட்டாபேஸ்ல உள்ளதுல்லா!” என்று மூவரும் நடுங்கினார்கள்.

“ஆமா. நான் வாயத் தொறக்கல. பெறவு, ‘உங்களப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது, உங்க போன் நம்பரையாவது சொல்லுங்க’ன்னு கெஞ்சுனா.”

“சொல்லிட்டியா?”

“நான் என்ன முட்டாளா?” என்றான் மாசிலாமணி.