மிளகாய்ப்பொடிக்கு விதி

"குருவே, இந்த ஞாயிறும் பாழாப் போச்சு" என்றார் இசக்கிமுத்து.

குரு சுடர்விழி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். சீடரைவிட ரொம்ப இளையவள்தான். ஆனால் கதையாட்டம் நடத்துவதில் கோயம்புத்தூரில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கதையாட்டம் வேறொன்றுமில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டுவார்கள்.

"யார் வந்தாங்க?"

"எங்க அபார்ட்மெண்ட்ல மூணு பேரு."

"என்ன ஆடினீங்க?"

"எங்க ஆட! அவங்கவங்க வேஷத்தை எழுதி முடிக்கவே பொழுது போயிருச்சு. பொறந்த ஊரு, குலம், கத்தியோட எடை... மருதாசலம் தூங்கியே போயிட்டாரு."

சொல்லிவிட்டு விதிப்புத்தகத்தை மேசைமேல் வைத்தார். மேசை ஆடியது.

"வரி விடாம படிச்சிட்டேன். போதாததுக்கு ராஜ வம்சமே எழுதி வச்சிருக்கேன்."

"பாவம் அந்த ராஜாக்கள். எட்டிப் பார்க்க ஒருத்தர் வரலயே."

இசக்கிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது.

"சிரிக்காதீங்க. மாற்றலாகி வந்த ஊரு. வர்ற ஞாயிறும் சொதப்பினா சீட்டாடப் போயிருவோம்னுட்டாங்க. இவங்களும் போயிட்டா எனக்குப் பேச நாதியில்ல. எந்த அத்தியாயத்தை நான் சரியாப் படிக்கல, அதை மட்டும் சொல்லுங்க."

குரு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். 'முதன்முதலாக ஆடுவோருக்கு' என்று மேலே போட்டிருந்தது.

"பொடிசுங்க பெட்டியா! இவ்வளவு படிச்ச எனக்கா?"

"படிச்சது நீங்க. வரப்போறது அவங்க."

"சரி, வீட்டுக்குப் போய்ப் படிச்சிடறேன்."

"படிச்சீங்க, தொலைச்சிடுவேன். அவங்க வந்த பிறகுதான் பிரிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை இசக்கிமுத்து வீட்டுக்கு மூன்று பேரோடு குருவும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

இசக்கிமுத்து பெட்டியைப் பிரித்தார். பகடைகள், எழுதி முடித்த வேஷங்கள், அப்பளம் மாதிரி ஒரு புத்தகம். அவ்வளவுதான். ஆளுக்கொரு வேஷத்தைக் கொடுத்தார். மருதாசலத்துக்குச் சமையல்காரன்.

முதல் வரியைப் படித்தார்.

"சத்திரத்துக் கதவை ஒரு பூதம் உடைக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

டீ ஆறியது. யாரும் கவனிக்கவில்லை. பூதம் உள்ளே வந்துவிட்டது. மருதாசலம் துள்ளி எழுந்தார்.

"ஏனுங்க, நான் சமையல்காரனுங்களே! மொளகாப்பொடியை அதுங் கண்ணுல வீசுனா ஆகுமுங்களா?"

இசக்கிமுத்து பரபரவென்று புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். வேர்த்துக் கொட்டியது.

"குருவே! இதுல அது இல்லையே!"

"அப்பாடா" என்றாள் குரு. எழுந்து போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எங்க போறீங்க?"

கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

மூன்று பேரும் இசக்கிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் இன்னும் உட்காரவில்லை.

இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு லேசாகிவிட்டது. புத்தகத்தை மூடினார்.

"உருட்டும்வே! பத்துக்கு மேல விழுந்தா பூதத்துக்குக் கண்ணு போச்சு!"