பாக்களவு மாப்பிள்ளை

ஓட்டைக்குளத்தில் அறிவுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. யாராவது அதை எடுத்துச் செலவழித்தால்தானே!

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு ஒரே கவலை. மகள் பூவாயி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். பெண் பார்க்க வந்த மூன்று பேரும் அவள் தோளுயரம்கூட இல்லாமல், அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலாவதாகத் தரகர் நல்லுச்சாமி ஒரு வரன் கொண்டுவந்தார். துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்: பெண் 165 சென்டிமீட்டர், மாப்பிள்ளை 1.72 மீட்டர்.

“வெள்ளிக்கிழமை வர்றாங்கண்ணே. மாப்பிள்ளை உசரத்துக்குத் தகுந்த மாதிரி கவனிச்சுக்குங்க.”

தரகர் போனதும் சடையாண்டி தன் மைத்துனன் குப்பாண்டியைக் கூப்பிட்டார். பூவாயியை அளந்த தையல் டேப்பை விரித்து, இருவரும் 1.72-ஐத் தேடினார்கள். ஆரம்பத்திலேயே அகப்பட்டது. பக்கத்தில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

“மச்சான், பாக்கு உசரந்தான் இருக்காரு.”

சடையாண்டி பாக்கை உள்ளங்கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “இவரையும் விட்டா எம்பொண்ணுக்கு வேற யாருடா வருவா? குணம் நல்லா இருந்தாச் சரி.”

“சாப்பாடும் ஒரு பருக்கை போதும். ஆனா கோழி கொத்திட்டா?”

இதைப் பற்றி இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தெருக்கோழிகள் எல்லாம் கூடைக்குள் கவிழ்க்கப்பட்டன. பூனை கட்டிப்போடப்பட்டது. மாப்பிள்ளை உட்கார ஒரு தீப்பெட்டி, தோளில் போட ஒரு விளக்குத்திரி, மாலைக்குப் பதில் ஒற்றை மல்லிகைப்பூ. எறும்பு தூக்கிப் போகாமலிருக்கச் சுற்றிலும் மஞ்சள்தூள்.

மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்ததும் சடையாண்டி பதறி ஓடினார்.

“அப்படியே நில்லுங்க! மாப்பிள்ளையை மிதிச்சிடப் போறீங்க!”

எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். முன்னால் நின்ற வாட்டசாட்டமான இளைஞனிடம் குப்பாண்டி மெதுவாகக் கேட்டான்: “தம்பி, உங்க சட்டைப்பையிலயா இருக்காரு?”

“யாரு? நான்தாங்க மாப்பிள்ளை. தவசி.”

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணே, ஒரு மீட்டர்னா நூறு சென்டிமீட்டர். 1.72 மீட்டர்னா 172 சென்டிமீட்டர்.”

“பாத்தீங்களா மச்சான்! மாத்தினதும் எப்படி வளர்ந்துட்டாரு!”

சடையாண்டி விரல்விட்டு எண்ணினார். பூவாயியைவிட ஏழு கூடுதல். தரகரின் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்படியே இருக்கட்டும் தரகரே. கல்யாணம் முடியறவரைக்கும் திரும்ப மீட்டருக்கு மாத்திடாதீங்க.”

தவசி சிரித்தான். கதவுக்குப் பின்னால் பூவாயியும் சிரித்தாள். அந்த மாதமே கல்யாணம் நடந்தது.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படும்போது சடையாண்டி பேச்சுக்குக் கேட்டார்: “உங்க ஊரு எவ்வளவு தூரம் மாப்பிள்ளை?”

“பக்கந்தான் மாமா. மூணு கிலோமீட்டர்.”

சடையாண்டி ஓடிப்போய், விருந்து மயக்கத்தில் சாய்ந்திருந்த தரகரை உலுக்கினார். “தரகரே, கிலோமீட்டர்ல மாப்பிள்ளை எவ்வளவு?”

“0.00172” என்றார் தரகர், கண்ணைத் திறக்காமலே.

“போச்சு! பாக்களவுகூடத் தேறாதே! பூவாயி, நடுவழியில எங்க விழுந்தாருன்னு தேடுவே?”

பூவாயி கொஞ்சமும் கலங்கவில்லை. “அப்பா, அவர் சுருங்கினா நானும் அதே கணக்குல சுருங்குவேன்ல? அப்பவும் அவர்தான் என்னைவிட உசரம்.”

சடையாண்டிக்கு உயிர் வந்தது. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையைக் கொட்டி உதறி, வாயை நன்றாக விரித்துத் தரையில் வைத்தார்.

“அப்படின்னா ரெண்டு பேரும் இதுக்குள்ள ஏறிக்கிடுங்க. நானே பத்திரமாக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்.”

“மச்சான், நீங்களும்ல சுருங்கிப் போயிடுவீங்க?” என்றான் குப்பாண்டி.

“நான் எப்படிடா சுருங்குவேன்? என்னைத்தான் யாரும் இதுவரைக்கும் அளந்ததே இல்லையே!”