கீழே போகப் போகக் கரையும்

“பேரியம் விஷம்மா. நான் குடிக்க மாட்டேன்” என்றார் வைகுண்டம்.

நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளாக வேதியியல் டியூஷன் நடத்துபவர். இரண்டு மாதமாகச் சோறு அவருக்கு நெஞ்சில் நிற்கிறது. கஞ்சி மட்டும் இறங்குகிறது, அதுவும் யோசித்து யோசித்து.

அடைப்பு எங்கே என்று தெரியாமல் வைத்தியம் இல்லை. பேரியம் சல்பேட் கலந்த வெள்ளை நீரைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். போன வாரம் டம்ளரைப் பார்த்ததும் வைகுண்டம் எழுந்து வந்துவிட்டார். இன்று பதினோரு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்கு அவர் நின்றது கல்லூரி ஆய்வகத்தில், பேராசிரியை ஜெபக்கனியின் முன்னால். ஜெபக்கனிக்கு வயது முப்பத்தாறு. ஒரு காலத்தில் வைகுண்டத்தின் டியூஷனில் மூன்றாம் பெஞ்ச்.

“பயமா சார்?”

“பயம் இல்ல. அறிவு.”

“என்ன அறிவு?”

“பேரியம் கரைஞ்சா இதயத்தை நிறுத்திடும்.”

“கரைஞ்சா.”

“கரையுமே. மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். தனிம அட்டவணையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. கீழே போகப் போகக் கரையும். நம்ம வகுப்புச் சுவர்ல ஆயில் பெயிண்ட்ல எழுதியிருக்கேனே.”

“ஞாபகம் இருக்கு சார்.”

ஜெபக்கனி இரண்டு சோதனைக்குழாய்களை எடுத்தார். ஒன்றில் மெக்னீசியம் உப்பின் கரைசல், மற்றதில் பேரியம் உப்பின் கரைசல். இரண்டும் தெளிந்த நீர்போல இருந்தன.

இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டார்.

மெக்னீசியம் வெள்ளையாகத் திரண்டது. பேரியம் தெளிவாகவே நின்றது.

வைகுண்டத்தின் முதுகு நிமிர்ந்தது. “பாத்தியா? மேல இருக்கிறது கரையல. கீழ இருக்கிறது கரைஞ்சு நிக்குது. சுவர் பொய் சொல்லாது.”

“சொல்லாது சார்.”

அதே உப்புகள், வேறு இரண்டு குழாய்கள். இம்முறை சோடியம் சல்பேட் விட்டார்.

மெக்னீசியம் தெளிவாகவே நின்றது. பேரியம் பாலாக வெளுத்தது.

வைகுண்டம் குழாயை வாங்கிக் குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி குலுக்கினார். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரின் குலுக்கல். வெள்ளை கரையவில்லை.

“உப்பு மாறிப்போச்சோ?”

“புட்டிய நீங்களே பாருங்க.”

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது தண்ணி. என் வயித்துல அமிலம் இருக்கு.”

நியாயமான சந்தேகம். ஜெபக்கனி அந்த வெள்ளையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டார்.

இருவரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் பத்து இருபதிலிருந்து பத்தரைக்குப் போனது. வெள்ளை அப்படியே இருந்தது.

“கரையல” என்றார் வைகுண்டம்.

“கரையல சார்.”

அவர் குழாயைத் தாங்கியில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இதை என்கிட்ட அப்பவே கேட்டிருக்கலாமே நீ?”

“கேட்டேன் சார். பதினொன்னாம் வகுப்புல. சுவர்ல இருக்கிறது ஹைட்ராக்சைடு விதி, சல்பேட்டுக்கும் அதேதானான்னு.”

“நான் என்ன சொன்னேன்?”

ஜெபக்கனி நான்கு குழாய்களையும் கழுவப் போட்டார்.

“சுவரைக் காட்டினீங்க.”

எதுவும் எழுதாத ஆய்வகச் சுவரை வைகுண்டம் ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே போய் ஆட்டோவில் ஏறினார். ஏறியதும் மனைவிக்குப் போன் செய்தார்.

“தங்கபாய், கறுப்பு பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வை.”

“எதுக்கு?”

“வகுப்புச் சுவருக்கு.”

“அடிச்சிட்டு மேல என்ன எழுதப் போறீங்க?”

“ஒண்ணும் எழுதல. நாலு சோதனைக்குழாயும் வாங்கி வை.”

“அப்போ இன்னைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகல?”

“போற வழியிலதான் பேசிட்டு இருக்கேன்.”